மினிமம் 250 கிலோமீட்டர்

(சுற்றுலாவியல் மாணவர்களுக்காக நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘சுற்றுலாவியலின் அடிப்படைகள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சந்தைப்படுத்தல், பாரம்பரியச் சின்னங்கள், போக்குவரத்து என்று உங்கள் பாடம் அலகு அலகாகப் பிரிந்திருக்கிறது. போக்குவரத்து அலகில் விமானம், ரயில், கப்பல் எல்லாம் முடிந்தபிறகு, கடைசியில் வாடகைக் கார் வரும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மேல் அதில் யாரும் கேட்பதில்லை. அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டுக்கு வரும் ஒரு பயணி எந்தக் கோயிலைப் பார்க்கிறார், எதைப் பார்க்காமல் ஊர் திரும்புகிறார் என்பதில் யுனெஸ்கோ பட்டியலுக்கும் அரசு விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அவற்றைவிடப் பெரிய பங்கு, டிராவல்ஸ் கடையின் சுவரில் ஒட்டியிருக்கும் கட்டண அட்டைக்கு இருக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு மறுத்தால் போதும்.

முதலில் கொஞ்சம் பாடம். 1979-ல் நீல் லைப்பர் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் சுற்றுலாவை ஓர் அமைப்பாக வரைந்து காட்டினார். பயணி புறப்படும் பகுதி ஒன்று, அவர் சென்று சேரும் பகுதி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் வழிப்பகுதி. உங்களில் எல்லோரும் இந்தப் படத்தைத் தேர்வில் வரைந்திருப்பீர்கள். இரண்டு பெட்டி, நடுவே மேலும் கீழும் அம்புக்குறி. நம் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை இரண்டு பெட்டிகளைப் பற்றியவை. பயணியின் விருப்பம் என்ன, தஞ்சாவூரில் வசதி என்ன, திருப்தி எவ்வளவு என்று கேள்வித்தாள் கொடுத்து வாங்குகிறோம். அம்புக்குறியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பணமும் நேரமும் செலவாவது அங்கேதான்.

தொழில்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ரயிலில் அழைத்துப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். போன இடத்தில் பார்க்க அரண்மனையோ அருவியோ இல்லை, மதுவிலக்குக் கூட்டம்தான். நவீனச் சுற்றுலாத் தொழிலின் முதல் பொருள் ஊரல்ல, பயணச்சீட்டு.

இதைவிட எனக்குப் பிடித்த கதை மிஷெலின் சகோதரர்களுடையது. அவர்கள் பிரான்சில் டயர் தயாரித்தவர்கள். 1900-ல் அந்த நாட்டில் ஓடிய கார்கள் சில ஆயிரம்கூடத் தேறாது. கார் ஓடினால்தான் டயர் தேயும், டயர் தேய்ந்தால்தான் வியாபாரம். அதனால் காரோட்டிகளுக்கு ஒரு கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள்: எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே தங்கலாம், பஞ்சரை எப்படிச் சரிசெய்வது என்று. பின்னாளில் உணவகங்களுக்கும் காட்சித்தலங்களுக்கும் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியபோது அவர்கள் வைத்த அளவுகோலைக் கவனியுங்கள். மூன்று நட்சத்திரம் என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். இரண்டு என்றால் போகிற வழியிலிருந்து வண்டியைத் திருப்பலாம். ஒரு கோபுரத்தின் மதிப்பைக் கலை வரலாற்றால் அளக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பத் தகுமா என்று அளந்தார்கள். டயர்க்காரர் கண்ணுக்குத்தான் அது தெரியும்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன்.

வெளியூர்ப் பயணத்துக்குக் கார் கேட்டு டிராவல்ஸுக்குப் போன் செய்தால் வரும் பதில் தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு நாளைக்கு மினிமம் 250 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு இவ்வளவு. டிரைவர் பேட்டா தனி. டோல், பார்க்கிங், வேறு மாநிலம் போனால் பெர்மிட், எல்லாம் பார்ட்டி பொறுப்பு. கணக்கு ஷெட் டு ஷெட்: வண்டி கொட்டகையை விட்டுக் கிளம்பி மறுபடி கொட்டகைக்கு வரும்வரை மீட்டர் ஓடும்.

இதை ஒரு பயணத்தில் வைத்துப் பார்ப்போம். வெளிநாட்டுப் பயணிகளுக்கும் வடஇந்தியக் குடும்பங்களுக்கும் அதிகம் விற்கப்படும் வழி இது: சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், செட்டிநாடு, மதுரை. கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டால் மதுரைவரை 530, 540 கிலோமீட்டர் வரும். மதுரையில் பயணி விமானம் ஏறிவிடுவார். வண்டி சென்னைக்குத் திரும்ப இன்னொரு 460. ஆக மொத்தம் ஆயிரத்தை ஒட்டி.

நான்கு நாள் பயணம் என்றால் மினிமம் கணக்கும் சரியாக ஆயிரம். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பேட்டா நாளுக்கு 500 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பதினான்காயிரமும் இரண்டாயிரமும் சேர்ந்து பதினாறாயிரம். இதில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, பயணி காசு கொடுத்த தூரத்தில் கிட்டத்தட்டப் பாதியில் அவரே இல்லை. வெறும் வண்டி ஓடுகிறது. அவர் கையிலிருக்கும் ரசீது மாமல்லபுரத்துக்கும் தஞ்சாவூருக்கும் மட்டுமானதல்ல. மேலூர் தாண்டி, திருச்சி தாண்டி, விழுப்புரம் தாண்டி இருட்டில் ஓடும் காலி இருக்கைக்கும் சேர்த்துத்தான்.

இரண்டாவது இதைவிட முக்கியம். செட்டிநாட்டு வீடுகள் அவருக்குப் பிடித்துப்போய், இன்னும் ஒரு நாள் இங்கேயே இருப்போம், வண்டி நிற்கட்டும், தெருவில் நடந்து பார்ப்போம் என்று ஆசைப்பட்டால் என்ன ஆகும்? வண்டி ஓர் அங்குலம் நகராவிட்டாலும் மினிமம் உண்டு. மூவாயிரத்து ஐந்நூறு, பேட்டா ஐந்நூறு, ஆக நாலாயிரம். நின்று பார்ப்பதற்கு அபராதம். ஓடிப் பார்த்தால் சலுகை. 250 கிலோமீட்டருக்குக் கொடுத்தாயிற்று, ஓட்டித் தீர்த்துவிடுவோம் என்ற மனநிலை பயணிக்கு வருவது இப்படித்தான். நம் குடும்பங்கள் ஒரு நாளில் ஏழெட்டுக் கோயிலைக் ‘கவர் பண்ணுவதை’ப் பண்பாட்டுக் குறையாகச் சித்திரிக்கும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அதில் பாதிப் பழி கட்டண அட்டையைச் சேரும்.

வண்டிக்காரரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. சேவைகளுக்கு உள்ள குணங்களில் ஒன்று அழியும் தன்மை என்று படித்திருப்பீர்கள். விற்காத சட்டையை நாளைக்கு விற்கலாம். ஓடாத நாளை நாளைக்கு ஓட்ட முடியாது. அவருக்கு மாதத் தவணை இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, சாலை வரி இருக்கிறது. புது வண்டிக்கு எட்டு ஆண்டுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பயணி ரசித்து நிற்கும் நாளில் இவை எதுவும் நிற்பதில்லை. மினிமம் என்ற ஏற்பாடு அதற்குத்தான்.

ஆனால் விசித்திரம் என்னவென்றால், மினிமத்துக்குக் குறைவாக ஓடும் பயணத்தில் ஓடாத ஒவ்வொரு கிலோமீட்டரும் முதலாளிக்கு லாபம், டீசல் மிச்சம். பயணிக்கு ஓட வேண்டும், வண்டிக்கு ஓடக் கூடாது. இந்த இழுபறியின் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் சம்பளத்துக்கோ பேட்டாவுக்கோ வேலை பார்க்கும் டிரைவர். ‘போகிற வழியில் ஒன்று இருக்கிறதாமே, பார்த்துவிட்டுப் போகலாமா?’ என்று பின்சீட்டிலிருந்து கேள்வி வரும்போது அவர் சொல்லும் பதிலில்தான் பாரம்பரியச் சுற்றுலா நடக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு ஆள் இருக்கிறார்: உச்சிவேளை. நம் கோயில்கள் ஏறத்தாழ பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்கு மணிவாக்கில் திறக்கின்றன. பாரிஸிலோ டில்லியிலோ உட்கார்ந்து பயணத்திட்டம் போடுபவர்களுக்கு இது தெரிவதில்லை. தெரிந்தாலும் தாளில் வராது. புதுச்சேரியில் காலைச் சிற்றுண்டி முடித்துக் கிளம்பினால் சிதம்பரத்தில் பத்து மணி. நடராசர் கோயிலை நன்றாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்ச் சேரும்போது ஒரு மணி. கருவறை சாத்தியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல் தளத்தில் பத்தடி நடந்து பாருங்கள், மே மாதமாக இருக்க வேண்டியதில்லை, மார்ச்சே போதும். டிரைவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: ‘பூட்டியிருக்கும் சார். நாளைக்குத் தஞ்சாவூர்ல இதே மாதிரி, இதைவிடப் பெருசா இருக்கு.’

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. தஞ்சை விமானம் ஏறத்தாழ 66 மீட்டர், கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் 55 மீட்டர்தான். ஆனால் தகப்பன் கட்டியதற்கும் மகன் கட்டியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடுகிறது. தஞ்சை விமானத்தின் கோடுகள் நேராக ஏறுகின்றன. மகன் ராஜேந்திரன் கட்டியதில் அவை உள்வளைந்து ஏறுகின்றன. ஒன்றைப் பார்த்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மற்றதைப் பார்த்தால்தான் இது மனதில் தைக்கும். யுனெஸ்கோ 1987-ல் தஞ்சைப் பெரிய கோயிலை மட்டும் பட்டியலில் சேர்த்து, 2004-ல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் இணைத்து மூன்றையும் ஒரே மரபுச் சின்னமாக அறிவித்தது. மூன்றும் சேர்ந்தால்தான் சோழர் கட்டடக் கலையின் வளர்ச்சி புரியும் என்பது அதன் உட்கருத்து. பட்டியலில் மூன்றும் ஒன்று. வண்டிக் கணக்கில் தஞ்சை கட்டாயம், தாராசுரம் வழியில் இருப்பதால் உண்டு, கங்கைகொண்ட சோழபுரம் நேரம் இருந்தால்.

நடை சாத்தும் அந்த நான்கு மணி நேரத்தை யாரும் வீணாக்குவதில்லை. சுவாமிமலைச் சிற்பிகளின் உலோகப் பட்டறையும் திருபுவனத்துப் பட்டுக்கடையும் மதியச் சாப்பாடும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. கோயில் திறந்திருந்தால் பட்டறைக்கு யார் போவார்கள்? கும்பகோணம் வட்டாரத்தின் கைவினை வியாபாரத்துக்கு உச்சிக்கால நடைசாத்தல் செய்திருக்கும் உதவியை எந்தச் சந்தைப்படுத்தல் நூலிலும் நான் பார்த்ததில்லை.

நவக்கிரகப் பயணத்தில் இந்த நேரக்கணக்கு உச்சத்துக்குப் போகிறது. ஒன்பது கோயில். திங்களூர் தஞ்சாவூர்ப் பக்கம். திருநள்ளாறு காரைக்கால் பக்கம், அதாவது புதுச்சேரி ஆட்சிப்பகுதி. கீழப்பெரும்பள்ளமும் திருவெண்காடும் கடலோரம். அத்தனையையும் ஒரே நாளில், நடுவில் நான்கு மணி நேரம் நடை சாத்துவதையும் வைத்துக்கொண்டு, பார்ட்டி மனம் கோணாமல் முடிக்க வேண்டும். கும்பகோணத்து டிரைவர் எந்தக் கோயிலில் விடியற்காலை நிற்க வேண்டும், எந்தக் கோயிலைப் பன்னிரண்டு அடிப்பதற்குள் தொட வேண்டும், சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றுக் கூட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று வரிசை போட்டு வைத்திருக்கிறார். இப்போது அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விட்டிருக்கிறது. கார் டிரைவர்கள் பல காலம் ஓட்டிப் பழகிப் பதப்படுத்திய தடம் அது. மேலாண்மைப் படிப்பில் இதற்கு வழித்தட உகப்பாக்கம் என்று தனித் தாளே இருக்கிறது.

சந்தைப்படுத்தலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கு போதாது, சேவைத் தொழிலுக்கு ஆட்களும் நடைமுறையும் கண்ணுக்குத் தெரியும் சான்றுகளும் வேண்டும் என்று பூம்ஸும் பிட்னரும் 1981-ல் ஏழாக்கினார்கள். கேரளம் 1989 வாக்கில் ‘கடவுளின் சொந்த நாடு’ என்று தன்னை அழைத்துக்கொண்டது; இந்திய அரசின் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ 2002-ல் வந்தது. இரண்டும் வெற்றி. ஆனால் விளம்பரம் விமான நிலையம்வரைதான் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு பயணியோடு காலை முதல் இரவுவரை நான்கைந்து நாள் கூடவே இருக்கும் ஒரே ஆள் டிரைவர். வழிகாட்டி ஒவ்வோர் ஊரிலும் மாறுவார், விடுதி மாறும், டிரைவர் மாறமாட்டார். ‘ஆட்கள்’ என்று ஐந்தாவதாகச் சேர்த்தார்களே, அதில் முதல் ஆள் இவர். இவருக்கு நாம் கொடுக்கும் பயிற்சி என்ன? வெள்ளைச் சீருடை போடச் சொல்வது.

எண்ணிக்கை விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாடு உள்நாட்டுச் சுற்றுலாவில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2019-ல் 49 கோடிக்கும் அதிகமான வருகைகள் என்று கணக்கு. 2011 கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தின் மக்கள்தொகை 7.21 கோடி. அந்த 49 கோடி, ஆட்களின் எண்ணிக்கை அல்ல, வருகைகளின் எண்ணிக்கை. நவக்கிரகம் சுற்றும் ஒரே குடும்பம் எத்தனை முறை எண்ணப்படக்கூடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எண். 2021-22-ல் கட்டணம் வாங்கும் தொல்லியல் சின்னங்களில் மாமல்லபுரத்துக்குச் சுமார் 1.45 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். தாஜ்மகாலுக்கு 39 ஆயிரத்தை ஒட்டித்தான். ‘தாஜ்மகாலை முந்தியது மாமல்லபுரம்’ என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அங்கே சந்தித்ததன் விளைவு என்று சிலர் எழுதினார்கள். என் வாசிப்பு வேறு. அந்த நிதியாண்டின் பெரும்பகுதியில் இந்தியாவுக்குச் சுற்றுலா விசாவே கிடையாது. ஆக்ராவுக்கு வரவேண்டியவர்கள் நாட்டுக்குள்ளேயே வரவில்லை. மாமல்லபுரத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இங்கே இருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்: சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள். கம்பெனி வண்டியும் டிரைவரும் மாத வாடகையில் இருக்கிறார்கள், சனிக்கிழமை விடுமுறை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம். கொள்ளைநோய்க் காலத்தில் மாமல்லபுரத்தைக் காப்பாற்றியது அருகில் இருந்ததும் வாசலில் நின்ற வண்டியும்தான்.

அருகில் இல்லாதவற்றின் கதியைப் பார்க்கப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து காரைக்குடி போகும் வழியே புதுக்கோட்டை வழிதான். அங்கிருந்து சித்தன்னவாசல் பதினாறு கிலோமீட்டர். சமணக் குடைவரை, கூரையில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக் குளம், அதில் யானையும் மீனும் பூப்பறிக்கும் துறவியும்; மலைமேல் ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகள். பக்கத்தில் நார்த்தாமலை, குடுமியான்மலை. தென்னிந்திய ஓவியத்தில் இவ்வளவு பழைய வண்ணம் எஞ்சியிருக்கும் இடங்கள் மிகச் சில. மிஷெலின் அளவுகோலில் சந்தேகமில்லாமல் வண்டியைத் திருப்பும் இடம். அந்த நாள் மொத்த ஓட்டமே 140 கிலோமீட்டர்தான். கூடுதலாக முப்பத்திரண்டு ஓடினால் வானம் இடிந்துவிடாது.

ஆனாலும் திருப்புவதில்லை. காரணம் அறியாமை அல்ல; புதுக்கோட்டை டிரைவருக்குச் சித்தன்னவாசல் தெரியாதா? தஞ்சையில் காலை பெரிய கோயிலும் அரண்மனையும் முடியவே பதினொன்றரை. செட்டிநாட்டு விடுதியில் இலைச் சாப்பாடு ஒரு மணிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாப்பாடுதான் அன்றைய நாளின் பெரிய விற்பனைப் பொருள். நடுவில் சித்தன்னவாசலில் இறங்கினால் இலை ஆறிவிடும். விடுதியோடு விடுதியை இணைத்துத் திட்டம் போடும்போது, விடுதி இல்லாத பாரம்பரியம் வெறும் ஜன்னலோரக் காட்சியாகிவிடுகிறது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்த வீடுகள் சில விடுதிகளாக மாறியது அந்த ஊர்களுக்குச் செய்த நன்மையில் எனக்கு ஐயமில்லை. கெட்டது பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த குகைக்கு நேர்ந்தது.

பாரம்பரியச் சின்னம் என்றதும் சட்டத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 1958-ன் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டபிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. நல்ல சட்டம். ஆனால் கழிப்பறையும் வாகன நிறுத்தமும் தள்ளிப் போகின்றன. அதனால் பயணி ஒரு பல்லவர் சிற்பத்தை நெருங்கும்போது முதலில் சந்திப்பது பார்க்கிங் டோக்கன் கிழிப்பவரை. அங்கே நடக்கும் சச்சரவு, நிழல், குடிநீர் இவற்றைத் திட்டமிடாமல் உள்ளே எவ்வளவு அழகான பலகை வைத்தாலும் பயனில்லை.

கமிஷனைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். ஆம், சில கடைகள் பார்ட்டியை அழைத்துவரும் டிரைவருக்குக் கமிஷன் கொடுக்கின்றன. அதனால் சில மணி நேரங்கள் சிற்பத்திலிருந்து கம்பளத்துக்குப் போய்விடுகின்றன. இதை ஒழுக்கக் கேடு என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். பயணத்தை விற்ற ஏஜென்சி, கிலோமீட்டர் விலையை அடிமாட்டு விலைக்குக் குறைத்து வண்டி எடுக்கிறது. மீதியை அவர் கடையில் பார்த்துக்கொள்வார் என்பது சொல்லாமல் புரிந்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம். கமிஷன் என்பது ஏஜென்சி கொடுக்காமல் விட்ட கூலி. அதை ஒழிக்க வேண்டுமானால் டிரைவருக்கு அறிவுரை சொல்வதைவிட டாரிஃபைத் திருத்துவது சுலபம்.

தானே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காரை இங்கே சிறிது தொட்டுவிட்டுப் போகிறேன். அமெரிக்காவில் 1918-ல் வால்டர் ஜேக்கப்ஸ் என்பவர் சிகாகோவில் ஒரு டஜன் ஃபோர்டு கார்களோடு தொடங்கியது, 1923-ல் ஜான் ஹெர்ட்ஸ் கைக்குப் போனது. 1946-ல் வாரன் ஏவிஸ் டெட்ராய்ட் அருகே விமான நிலையத்திலேயே கார் வாடகை மேசை போட்டார்; பயணி எங்கே இறங்குகிறாரோ அங்கே நில் என்பதுதான் அதன் பாடம். 1962-ல் ஏவிஸ் தான் இரண்டாமிடத்தில் இருப்பதையே விளம்பரமாக்கிக் காட்டியது. உங்கள் விளம்பரத் தாளுக்கு நல்ல உதாரணம். இந்தியாவில் 1989-ன் ரென்ட்-ஏ-கேப் திட்டம் உரிமம் கேட்பவரிடம் குறைந்தது 50 வண்டி இருக்க வேண்டும் என்றது. சிறு முதலாளிகள் வெளியே நின்றார்கள். அதனால்தான் மஞ்சள் பலகையும் டிரைவரும் சேர்ந்த வாடகையே நம் வழக்கமாக வேரூன்றியது. தானே ஓட்டிக்கொள்ளும் வாடகைக்கான கறுப்புப் பலகை, மஞ்சள் எழுத்து வண்டிகள் பெருநகரங்களில் பின்னால் வந்தன. மாணவர்களே, ஊட்டிக்குப் போக யாராவது வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை வாடகைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது, சொந்த உபயோக வண்டி எப்படி வாடகைக்குப் போனது என்பதைத்தான்.

சில ஆண்டுகளாக இன்னொரு மாற்றம். ஒன்-வே டிராப் டாக்ஸி. போகும் தூரத்துக்கு மட்டும் காசு. திரும்பும் தூரத்தை வண்டிக்காரர் வேறு சவாரி பிடித்து ஈடுகட்டிக்கொள்வார். முன்பு சொன்னேனே காலி இருக்கை, அந்த 460 கிலோமீட்டர், அதற்குச் சரியான மருந்து. பயணிக்கு மலிவு, டீசலும் மிச்சம். ஆனால் மருந்துக்குப் பின்விளைவு உண்டு. டிராப் வண்டிக்காரருக்கு மதுரையிலிருந்து மாலை நான்கு மணிக்கு அடுத்த சவாரி காத்திருக்கிறது. வழியில் திருமயம் கோட்டை தெரிகிறதே, பத்து நிமிடம் நிறுத்துங்கள் என்றால் வெயிட்டிங் சார்ஜ். நான்கு நாள் வண்டிக்கு வழி என்பது இருந்தது. டிராப் வண்டிக்கு இரண்டு முனைகள் மட்டும்தான். கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்தபோது மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, கூட்டம் தானாக வரும் என்றார்கள். உள்ளூர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் திரளாக வருகிறார்கள், மகிழ்ச்சி. தூரத்துப் பயணி வருவாரா என்பது லோக்கல் டிரிப்பின் எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர் பேக்கேஜில் மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் போக எவ்வளவு நேரம் எஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது.

கடைசியாக ஒன்று. நான்காம் நாள் மதுரை விமான நிலையத்தில் பார்ட்டியை இறக்கிவிட்ட டிரைவர் என்ன செய்கிறார்? ஐந்தாம் நாளுக்குப் பேட்டா கிடையாது. மறுநாள் காலை சென்னையில் வண்டிக்கு வேறு டிரிப் இருக்கும். பெரும்பாலும் அன்றிரவே கிளம்புகிறார். 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. ஆனால் அது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களைக் கணக்கில் வைத்து எழுதிய சட்டம். ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டுபவர் அதன் கண்ணில் விழவில்லை. முந்தைய மூன்று இரவும் அவர் எங்கே தூங்கினார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பார்ட்டி மாளிகை விடுதியில். அவர் பின்சீட்டைச் சாய்த்து, கொசுவுக்குக் கண்ணாடியை ஏற்றுவதா காற்றுக்கு இறக்குவதா என்று யோசித்தபடி. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகள் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும், எட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படுக்கை என்று வைத்தது. சுற்றுலாத் துறையில் சமீபத்தில் வந்தவற்றில் நான் மிக உயர்வாக மதிக்கும் ஆணை இது. எத்தனை விடுதிகளில் கட்டில் வந்திருக்கிறது என்று நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

இந்தத் துறைக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு களப்பணிக்குப் பெரிய கோயில் வாசலில் கேள்வித்தாளோடு நிற்க வேண்டாம். அங்கே எல்லோரும் ‘மிகவும் திருப்தி’யில்தான் டிக் அடிப்பார்கள். வாகன நிறுத்தத்துக்குப் போங்கள். டிரைவர்களிடம், அவர்கள் சம்மதித்தால், டிரிப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். கிளம்பிய கிலோமீட்டர், முடிந்த கிலோமீட்டர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்ற நிமிடம், திருப்பாமல் விட்ட திருப்பங்கள், இரவு படுத்த இடம். ஒரு பருவத்தில் முந்நூறு தாள் சேர்ந்தால், திசம்பரிலிருந்து மார்ச்வரை தஞ்சை வட்டாரத்தில் எந்தச் சின்னம் எந்த மணியில் காலியாகக் கிடக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுவிடலாம். அதைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் சித்தன்னவாசலுக்கும் மதியச் சாப்பாட்டோடு அரைநாள் டாரிஃப் ஒன்று எழுதிப் பார்க்கும் அளவுக்குக் கொண்டுபோங்கள். கிலோமீட்டருக்குப் பதிலாக மணிக்கணக்கில் விலை வைத்து, நிற்பதற்கு அபராதம் இல்லாத டாரிஃப். அதை மாவட்டச் சுற்றுலா அலுவலரிடம் கொடுப்பதற்கு முன் வண்டி ஸ்டாண்டில் காட்டுங்கள். அதில் எது ஓடாது என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.